ஏதென்ஸ் ஆந்தையின் மேல் ஒரு வெட்டு

பழைய கிரேக்க வெள்ளிக் காசுகளை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே 2025 மே மாதம் மதுரையிலிருந்து பாரிஸ் போனேன். தங்கியது வடக்குப் புறநகரான கார்ஜ் லே கொனெஸில், தோழி வீட்டில். அங்கிருந்து ஆர்.இ.ஆர். டி ரயிலில் கார் து நோர் நிலையத்துக்குக் கால் மணி நேரம், டிக்கெட் 2.50 யூரோ. இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல். (காலையில் சாப்பிடாமல் கிளம்புங்கள். அங்கே நல்ல தோசை உண்டு.)

செவ்வாய்க்கிழமை தோழியின் கணவர் சிவநேசனும் வந்தார். பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல்காரர். லா சப்பலில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்து, பையிலிருந்து ஒரு காசை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் அதீனா தேவியின் தலை, மறுபக்கம் ஆந்தை. நான் காசுக் காட்சியகத்தில் பார்க்க வந்த அதே ஏதென்ஸ் காசு! ஆந்தையின் மேல் மட்டும் ஆழமாக ஓர் உளி வெட்டு.

"இந்த வெட்டை அடைச்சு மினுக்கித் தாங்கோ," என்றார் கடைக்காரரிடம். பிறகு என்னிடம், "பதினெட்டு வருசம் அந்த முதலாளியின்ரை குசினியிலை நிண்டன், தங்கச்சி. ஓய்வெடுத்துப் போகேக்கை ஒரு பழுதான காசைத் தந்திட்டுப் போறார்."

"அண்ணா, யாரையும் கை வைக்க விடாதீங்க. நிறுத்து மட்டும் பார்ப்போம்."

தராசு 17.1 கிராம் காட்டியது. சரியான எடைதான். ஆனால் எடையை மட்டும் நம்பக் கூடாது. மெட்ரோவில் பூர்ஸ் நிலையம் போனோம்; ஆளுக்கு இன்னொரு 2.50. அந்தப் பக்கத்துத் தெருக்களில் பழங்காசுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு கடைக்கார அம்மா லென்ஸ் வைத்து நெடுநேரம் பார்த்தார். அவர் பிரெஞ்சில் சொன்னதைச் சிவநேசன் எனக்குத் தமிழில் சொன்னார்.

"உண்மையான காசாம். அந்தக் காலத்திலை செம்புக்கு வெள்ளி பூசி ஏமாத்துறவையாம். அதாலை ஆரோ வியாபாரி வெட்டிப் பாத்திருக்கிறார். உள்ளுக்கும் வெள்ளிதான். அடைச்சிருந்தால் காசு நாசமாம்."

வெளியே வந்ததும் முதலாளிக்குப் போன் செய்தார். நடைபாதையிலேயே நின்று இருபது நிமிடம் பேசினார்.

"என்ன சொன்னார்?"

"வெட்டின்ரை கதை அவருக்குத் தெரியுமாம். நான் வந்து கேப்பன் எண்டு எட்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தவராம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதலாளியை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாராம்.

போகிறவர்களுக்கு: காசுக் கடைகளுக்கு வார நாளில், மதிய இடைவேளைக்கு முன்பே போய்விடுங்கள். வெட்டு இருப்பதாலேயே ஒரு காசு அசலாகிவிடாது, தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். பழைய வெள்ளியை ஒருபோதும் மினுக்காதீர்கள். யாராவது பரிசாகத் தந்தது புரியவில்லையென்றால், தந்தவரையே கேட்டுவிடுங்கள். அதற்கு டிக்கெட் கூட வேண்டாம்.