குமிழ் விழுந்த விளக்குகள்

ஒரு கண்ணாடி விளக்கைத் துடைக்கிறேன், பேக்கிங் தாளின் பின்பக்கம் இரண்டு வரி எழுதுகிறேன், அடுத்த விளக்கை எடுக்கிறேன். கையில் வெள்ளைப் பருத்தி உறை. நாடு விட்டு வந்து சேர்ந்த இந்த விளக்குக் கடையில் முதல் பாடம், தொட்ட தடம் தெரியக்கூடாது. பிள்ளையை டேகேரில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற அம்மாக்களுக்கும் அதேதான், இல்லையா? வீடு நம் முகத்தில் தெரியக்கூடாது.

பதினோரு பழுது

குளிர் தேசத்திலிருந்து வரும் விளக்குகள் இவை. மேலேயிருந்து ஒரு வயரில் தொங்கும். குழாயில் வாய் வைத்து ஊதிச் செய்கிறார்களாம். சேர்ந்த புதிதில் எனக்கு அது தெரியாது. நான் எட்டாவதோடு நின்றவள். நம் ஊரில் பானை வாங்கினால்கூடத் தட்டிப் பார்த்துத்தானே வாங்குவோம்? முதல் வாரம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உள்ளே குமிழ் இருந்த பதினொன்றைப் பழுது என்று தனியாக அடுக்கிவிட்டேன். மேனேஜர் டெபி வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் பேசுகிற இங்கிலீஷ் என் காதில் இப்படித்தான் விழும்:

"அது ஊதினவனோட மூச்சும்மா. மூச்சையா தப்புன்னு எடுத்து வெச்சே?"

காப்பெல் ஆன்ட்டி

பக்கத்து ஊரான காப்பெலில் புது வீடு கட்டிய ஆன்ட்டி ஒருவர், வாங்கிய மூன்று விளக்கையும் திருப்பிக் கொண்டுவந்தார். சாம்பல் நிறக் கண்ணாடி. டெபியிடம் இங்கிலீஷில் சொல்லிப் பார்த்து முடியாமல், "கிரகப்பிரவேசத்துக்குக் குமிழ் விழுந்த மூளி விளக்கா மாட்டுவாங்க? புகை புடிச்ச சிம்னி மாதிரி வேற இருக்கு" என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார். டெபி உள்ளே போனதும், வாய் திறக்கவே கூசுகிற நான் எப்படியோ திறந்துவிட்டேன். "வாயால ஊதினது ஆன்ட்டி. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும்."

"அட, தமிழா! எந்த ஊரு? வீட்டுக்காரர் எந்த கம்பெனி?" என்று என் கையையே பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இர்விங்கில் ஒரு ஹோட்டலில் சமைக்கிறார் என்றேன். கை மெல்ல விலகியது. அப்புறம் எனக்கும் இங்கிலீஷ்தான்.

"ஓ… ஓகே. கேன் யூ கால் யுவர் மேனேஜர்?"

இரண்டாவது போன்

வேலை நேரத்தில் எங்கள் போன்கள் டெபியின் மேசையில்தான் இருக்கும். போன மாதம் டேகேரிலிருந்து முதல் தடவை கூப்பிட்டார்கள், என் மகள் தாரிணிக்கு வீசிங் என்று. ஓடினேன். இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அவள் அப்பாவை அழைத்தேன். "லஞ்ச் கூட்டம்டி, அடுப்பை விட்டுட்டு எப்படி வர?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அன்றும் நானே ஓடினேன். அவசரத்தில் விளக்கைப் பஞ்சு மெத்தையில் வைக்காமல் வெறும் மேசையில் வைத்தேன். உருண்டு விழுந்து உடைந்தது. மறுநாள் டெபி கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"மூணாவது தடவை பாதியில போனா, திரும்பி வர வேண்டாம்மா."

இன்று காலை தாரிணியின் நெஞ்சில் லேசாகக் கர்கர் என்றது. நெபுலைசரில் மருந்துப் புகை கொடுத்து, டேகேரில் சிரித்த முகமாக விட்டுவிட்டு வந்தேன். அங்கே டீச்சரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகக்கூடி இந்த வேலையில் நான் படித்தது இவ்வளவுதான்: மூச்சு கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டால் அழகு என்று மாட்டி வைக்கிறார்கள், அதுவே ஒரு பிள்ளையின் நெஞ்சுக்குள் மாட்டிக்கொண்டால்… டெபி வருகிறாள், அவள் கையில் என் போன், "டேகேர்" என்கிறாள், நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு ஓடுகிறேன்.