கல்வமும் ஒரு பொட்டலம் உப்பும்

என் ஆய்வுக்கூட மேசையில் ஒரு மாதமாக ஒரு கருங்கல் கல்வம் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியும் பீங்கானும் புழங்கும் இடத்தில் அது பொருந்தவில்லை. வருகிறவர்கள் சித்த மருந்து அரைக்கப் போகிறீர்களா என்று கேலி செய்கிறார்கள். அது சேலத்தில் எனக்கு ஆய்வு வழிகாட்டியாக இருந்த பேராசிரியருடையது. அதை அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்த காலத்தில் நான் அதைப் பார்த்தது குறைவு, அவரைச் சந்தேகப்பட்டது அதிகம்.

மல்லசமுத்திரம் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடும் குடும்பம் அவருடையது. பச்சைக் கிழங்கில் ஒரு நஞ்சு அடங்கிக் கிடக்கும். கிழங்கிலேயே இருக்கும் ஒரு நொதிதான் அதை வெளியேற்றும். தான் செயற்கையாக உருவாக்கிய ஒரு மூலக்கூறும் அந்த நொதியின் வேலையைச் செய்கிறது என்று இளம் வயதில் அவர் எழுதிய கட்டுரை அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. உயிர்க்கரிம வேதியியலில் இறங்குகிறவர்கள் அதை மேற்கோள் காட்டாமல் நகர முடியாது. அந்த மூலக்கூறை மேம்படுத்துவதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அது வேலை செய்தால்தான் எனக்குப் பட்டம்.

அது வேலை செய்யவில்லை. அதைப் பீங்கான் கல்வத்தில் பொடியாக்கி, கிழங்கின் நஞ்சு அடங்கிய கரைசலில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். நஞ்சு வெளிவந்தால் மேலே தொங்கும் மஞ்சள் தாள் செங்கல் நிறமாக வேண்டும். அது மஞ்சளாகவே இருந்தது. முதலில் என் கையைச் சந்தேகப்பட்டேன், பிறகு தண்ணீரை. ஆளைச் சந்தேகப்பட மனம் வரவில்லை. சந்தேகம் வந்த பிறகு நிற்கவும் இல்லை. அவர் கனிவாகப் பேசினால்கூட இதில் என்ன சூது என்று பார்த்தேன். "ரிசல்ட்டு அழகா வந்தா நம்பாதீங்க சாமி" என்று எல்லா மாணவர்களிடமும் சொல்கிறவர் தன்னுடையதை மட்டும் எப்படி நம்பினார்?

ஒரு நாள் அலமாரிச் சாவியை நீட்டினார். "நான் அப்ப இதுலதானுங்க அரைச்சேன். நீங்களும் அரைச்சுப் பாருங்க."

அரைத்தேன். தாள் அழகாகச் சிவந்தது. சந்தோஷப்படுவதற்குப் பதில் கல்வத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நொதி எடுக்க ஊரிலிருந்து வரும் கிழங்கையும் அவர் அந்தக் கல்வத்தில்தான் அரைப்பார். எந்த வேலையும் செய்யாத ஒன்றை அதில் அரைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அலமாரியில் கல்வம் இருந்த இடத்தை ஒட்டி ஒரு உப்புப் பொட்டலம் கிடந்தது. அதையே எடுத்து அரைத்துப் போட்டேன். உப்புக்கும் தாள் சிவந்தது. கழுவியும் போகாமல் கல்லின் துளைகளில் தங்கியிருந்த கிழங்கு நொதிதான் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தது. மூலக்கூறு ஒன்றும் செய்யவில்லை, அன்றும் இன்றும்.

உப்புக்குச் சிவந்த தாளை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். பட்டம் போயிற்று என்றே நினைத்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னோடதுல தப்புன்னு நானே சொன்னா தன்னடக்கம்பாங்க. நீங்க செஞ்சு காட்டுனாத்தானுங்க அது ரிசல்ட்டு."

கட்டுரையை அவரே திரும்பப் பெற்றார். அந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பதே என் ஆய்வேடாகி எனக்குப் பட்டமும் கிடைத்தது. அவருக்கு வரவேண்டிய துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

போன மாதம் அவர் இறந்துபோனார். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் அந்தப் பழைய கட்டுரையைத்தான் புகழ்ந்தார்கள். அதைத் திரும்பப் பெற்றதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. இன்னும் அதை மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் அவர் மனைவி ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார்.

"உங்ககிட்டத்தான் குடுக்கோணும்னு சொல்லிட்டே இருந்தாருங்க."

பையில் கல்வம் இருந்தது. அதை மேசையில் வைத்தபோதுதான் அந்த உப்பு நினைவுக்கு வந்தது. அவர் மட்டுமே திறக்கும் அலமாரியில் மளிகைக்கடை உப்புக்கு என்ன வேலை? எப்போது அரைத்துப் பார்த்தார், எத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று இனி யாரிடம் கேட்பது? நான் எடுத்தபோதே அந்தப் பொட்டலம் பிரிந்திருந்தது.