ராஜா வெளியே வராத ஆட்டம்

டாக்சி டிரைவர் பென்சனுக்கு எந்த ஆட்டத்தையும் முடித்துப் பழக்கமில்லை. கொடைக்கானல் ஏரிக்கரை டாக்சி ஸ்டாண்டில் இருபது வருடமாகச் செஸ் ஆடுகிறார். சவாரி வந்தால் யார் வண்டியின் முறையோ அவர் எழுந்துவிட வேண்டும். பலகையில் யார் நசுங்கிக்கொண்டிருந்தாலும் ஆட்டம் டிரா. ஸ்டாண்டின் சட்டம் அது. அதனால் பென்சன் வெட்டுவதையெல்லாம் வெரசாக வெட்டிவிட்டு, காதை ரோட்டுப் பக்கம் வைத்திருப்பார்.

மே மாத ஓபன் போட்டியின் முதல் சுற்றில் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன் கிராண்ட்மாஸ்டர் குமரகுரு. வயது இருபத்திரண்டு. ரேட்டிங்கில் பென்சனைவிட ஆயிரம் கூடுதல்.

"ஒரே ஒரு டிரா எடுத்துட்டு வா. ஸ்டாண்டுல பிளெக்ஸ் வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் அடைக்கலம், தினமும் அவரோடு ஆடுகிற டிரைவர். பென்சனுக்கும் டிராவில் கிடைக்கும் அந்த அரைப் புள்ளிதான் வேண்டும்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. வெளியே ஹாரன் கேட்கும்போதெல்லாம் பாதி எழுந்து உட்கார்ந்தார். மேசைக்கடியில் கால் ஆடியபடியே இருந்தது. ஆனாலும் காய்களெல்லாம் வெட்டுப்பட்டு ஆளுக்கு ஒரு யானையும் நாலு சிப்பாயும் மிஞ்சியபோது, நிலைமை சமம்.

குமரகுரு ஒரு காயை நகர்த்திவிட்டு மெல்லக் கேட்டான்.

"டிரா வச்சுக்கலாமாண்ணா?"

கை நீட்டினால் போதும். பென்சன் பலகையைப் பார்த்தார். இவ்வளவு காலியான பலகையை அவர் பார்த்ததே இல்லை. இதற்குள் எப்போதும் யாராவது பில்லர் ராக்ஸ் போக வேண்டுமென்று வந்து நின்றிருப்பார்கள். இதற்கப்புறம் என்னதான் நடக்கும்?

"இல்ல தம்பி. ஆடிப் பாத்துருவோம்."

குமரகுருவின் ராஜா மூலையை விட்டு நடக்க ஆரம்பித்தது. பென்சன் தன் ராஜாவைச் சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாகவே வைத்திருந்தார். நடந்து வந்த ராஜா அந்தச் சிப்பாய்களை ஒவ்வொன்றாகத் தின்றது.

"கடைசியில ராஜாவும் இறங்கி வேலை செய்யணும்ணா" என்றான் குமரகுரு, பென்சன் தோற்ற ஆட்டத்தின் தாளில் கையெழுத்துப் போட்டபடி. "இறங்கியிருந்தா டிராதான்."

மறுநாள் ஸ்டாண்டில் அடைக்கலம் காய்களை அடுக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏலே, குடுத்த டிராவ வேண்டாம்னியாமே? பிளெக்ஸ்காரன்ட்ட சொல்லி வச்சிட்டேன். படத்துல நீ கோட்டு போட்டு நிக்கிற."

"கோட்ட கழட்டச் சொல்லு."

பலகை காலியாகிக்கொண்டிருந்தபோது மதுரைக் குடும்பம் ஒன்று வந்து நின்றது. சவாரி முறை பென்சனுடையது. அடைக்கலம் வழக்கம்போலக் காய்களைக் கலைக்கக் கை வைத்தார். பென்சன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சவாரிய அடுத்த வண்டிக்கு விடு."

கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ராஜாவை ஒரு கட்டம் வெளியே எடுத்து வைத்தார்.