கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஒரு விசாரணைக் குழு

விசாரணைக் குழுவில் உட்காருகிறவருக்கு வழக்கோடு சொந்தத் தொடர்பு ஏதேனும் இருந்தால், விசாரணை தொடங்குமுன் அவர் அதை வாய்விட்டு அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். உறவோ, நட்போ, பகையோ, எதுவானாலும் இதுதான் விதி. அரசாங்கத்தில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் இதை மற்றவர்களுக்குப் பாடமாக எடுத்தவன் நான். இதைச் சொல்லி ஒருமுறை என் மேலதிகாரியையே எழுப்பிவிட்டிருக்கிறேன். அதற்கப்புறம் அவர் எனக்கு வணக்கம் சொன்னதில்லை, அது வேறு விஷயம். கிள்ளானில் ஒரு வீட்டு சோபாவில் கையில் உருளைக்கிழங்கு அடைத்த கரிபாப்போடு உட்கார்ந்து பழைய ஹாலிவுட் படம் பார்க்கும்போதும் இந்த விதி பொருந்தும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

சோபா என் நண்பருடையது. நாங்கள் ஒரே பிரிவில் இருந்தவர்கள். நான் அவருக்கு ஒரு படி மேல். அதனால் ஓய்வு பெற்ற பிறகும் என்னை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி குத்தல். நான் பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் ரயிலேறி கிள்ளானுக்குப் போய்விடுவேன். அந்த ஒரு மத்தியானத்தை எடுத்துவிட்டால் என் வாரத்தில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதன் நான்.

முதலில் புதிய படங்களைத்தான் பார்த்தோம். இருவருமே தூங்கிப்போனோம். ஒருநாள் நண்பர் ஒரு பென்டிரைவைச் செருகினார். அதில் இருந்தவையெல்லாம் ஹாலிவுட்டின் ஆரம்ப காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள். அன்று யாரும் தூங்கவில்லை. அவருடைய மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் முழிச்சிருக்கீங்களா? டிவி ரிப்பேரா?" என்றார். அவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் தாமான் என்கிற அந்தக் குடியிருப்பு முழுக்க அவருக்கு டீச்சர் என்றுதான் பெயர், எனக்கும் அப்படியே.

பழைய படங்களைப் பார்ப்பதில் இன்றைக்கு இரண்டு கட்சி இருக்கிறது. ஒன்று, அது பொற்காலம் என்று கண்ணை மூடிக்கொள்கிற கட்சி. மற்றொன்று, கையில் தொலைபேசியோடு பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐயோ, இது இந்தக் காலத்துக்கு ஆகாது" என்று எழுதிப் போடுகிற கட்சி. இரண்டிலும் எனக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. அந்தப் படங்களில் எது நன்றாக இருக்கிறது, எது சகிக்கவில்லை என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும்.

பேசும் படம் புதிதாக வந்தபோது எல்லோரும் பூச்சாடியைச் சுற்றி நின்றே பேசுகிறார்கள், ஏனென்றால் ஒலிவாங்கி பூவுக்குள் ஒளிந்திருக்கிறது. இது சகிக்கவில்லை. அதற்கு ஓரிரு வருடம் முந்திய பேசாத படத்தில் ஒரு பெண் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நிற்கிறாள், அவ்வளவுதான். அவள் வாழ்க்கை முடிந்துபோனது எனக்குப் புரிந்துவிடுகிறது. இன்றைக்கு அதைச் சொல்ல மூன்று பேர் அழுது ஒரு பாட்டு வேண்டியிருக்கிறது. பிறகு தணிக்கை விதிகள் வந்தன. அவை எந்தப் படத்திலிருந்து கடுமையாயின என்பதைக் கதாநாயகியின் சட்டைக் கழுத்தை வைத்தே நான் கணித்துவிடுவேன். விதிக்கு முன் அவள் புகைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், பிடிக்காதவனை வெளியே தள்ளுகிறாள். விதிக்குப் பின் இவை எல்லாவற்றையும் செய்துவிட்டுக் கடைசி ரீலில் மன்னிப்புக் கேட்கிறாள். கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில், நடுவில் ஒரு மேசை விளக்கோடு தூங்குகிறார்கள். வாழ்நாள் முழுக்க விதிகளோடு குடித்தனம் செய்தவனுக்கு இந்தக் காட்சிகள் தரும் இன்பம் தனி. விதியை மீறாமல் எப்படி மீறுவது என்பதை அந்த இயக்குநர்கள் எங்கள் இலாகாவுக்கு வந்து வகுப்பெடுத்திருக்கலாம்.

படம் முடிந்ததும் விசாரணை நடக்கும். எங்களுக்கு வேறு விளையாட்டு தெரியாது. கதாநாயகன்தான் குற்றஞ்சாட்டப்பட்டவன், நண்பர் அவனுக்காக வாதாடுவார், நான் குழுத் தலைவர். ஒரு படத்தில் கார் ஓட்டுகிறவன், பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்த்தபடியே நாலு மைல் போகிறான். நான் அபாயகரமாக வண்டி ஓட்டியதாகக் குற்றம் சாட்டினேன்.

"பாஸ், ரோடு பின்னாடி திரையில ஓடுது. காரு ஸ்டூடியோவுல நிக்குது. நிக்கிற காருக்கு எப்படி சம்மன் போடுவீங்க?" என்றார் நண்பர்.

"ஹேண்ட்பிரேக் போட்டிருந்தானா?"

"விட்டா பார்க்கிங் கூப்பன் கேப்பீங்க லா!"

வழக்கு தள்ளுபடி. வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்திய இன்னொருவனையும் விட்டுவிட்டேன். ஒரு செயலை அது நடந்த நாளில் நடப்பிலிருந்த விதியைக் கொண்டுதான் எடைபோட வேண்டும், இன்றைய விதிக்குப் பின்தேதி போட்டுப் பாய்ச்சக் கூடாது. இதுவும் நான் பாடம் எடுத்த விதிதான். டீச்சருக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. "நல்லவேளை, நீங்க என் ஸ்கூல்ல டிசிப்ளின் டீச்சரா இல்ல," என்றபடி டீயை வைத்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முந்திய மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அன்றைய படத்தின் கதை கீழை நாட்டு ரப்பர் தோட்டம் ஒன்றில் நடக்கிறது. ஹாலிவுட்காரர்கள் ஸ்டூடியோவுக்குள் தொட்டியில் வைத்து வளர்த்த தோட்டம் அது. ரப்பர் மரம் என்றதும் டீச்சரும் வந்து உட்கார்ந்தார். அவரும் நண்பரும் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். படத்தில் உச்சி வெயிலில் ஒருவன் மரத்தைக் கீறிக்கொண்டிருந்தான்.

"இந்நேரத்துக்கு எவன்டா பால்மரம் வெட்டுவான்? இவன் மண்டோருக்கு மச்சானா இருப்பான்," என்றார் டீச்சர். பால்மரம் விடியுமுன் வெட்டுவது, கங்காணியான மண்டோரின் சொந்தக்காரன்தான் உச்சி வெயிலில் வர முடியும். எல்லோரும் சிரித்தோம்.

படம் நன்றாகவே எடுக்கப்பட்டிருந்தது. மூங்கில் தட்டி வழியாக விழும் வெளிச்சம், வெள்ளை உடுப்பு வியர்வையில் நனைகிற விதம், துரைக்கும் அவன் மனைவிக்கும் இடையே ஒரு சொல் கூடப் பேசாமல் நடக்கிற சண்டை என்று குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் ஒரு காட்சி. ஒரு தோட்டத் தொழிலாளி தட்டை எடுத்து வருகிறான், கால் இடறுகிறது, பானம் துரையின் சட்டையில் கொட்டுகிறது. துரை பளாரென்று ஓர் அறை விடுகிறான். தொழிலாளி ஒரு சுற்றுச் சுற்றி, காலியான தட்டோடு நேராக நின்று சலாம் போடுகிறான். கச்சிதமாக அமைக்கப்பட்ட நகைச்சுவைக் காட்சி.

நான் சிரித்தேன். நான் மட்டும்தான்.

படம் முடிந்தது. வழக்கம்போல் நான் தொடங்கினேன். தொழிலாளியைக் கைநீட்டி அடித்ததாகத் துரை மீது குற்றச்சாட்டு. வாதாட வேண்டிய நண்பர் பேசவில்லை. சரி, நமக்கு வேலை மிச்சம் என்று நானே தீர்ப்பையும் சொன்னேன். "அந்தக் காலத்து நடைமுறைப்படி குற்றமில்லை. துரை விடுவிக்கப்படுகிறார்."

நண்பர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கப்பாவ அப்படித்தான் அடிச்சான். பால் வாளி சாஞ்சிடுச்சின்னு. நான் பக்கத்துல நின்னுகிட்டிருந்தேன். அப்பாவும் நிமிந்து சலாம் போட்டாரு."

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்தவன் சும்மா இருந்திருப்பான். முப்பது வருடம் நான் பார்த்த வேலை என் வாயைத் திறந்தது. "ரிப்போர்ட் கொடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "யாருகிட்ட கொடுக்கச் சொல்றீங்க? கிராணிகிட்டயா?"

என் தந்தை தோட்டத்துக் கிராணி, துரைக்குக் கணக்கெழுதுகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். நாலு வரி ஆங்கிலம் எழுதத் தெரிந்ததால் துரையின் ஆபீசில் நாற்காலி கிடைத்தது. அவர் இருந்தது வேறு தோட்டம், வேறு மாவட்டம். ஆனால் நண்பர் கேட்டது தோட்டத்தின் பெயரை அல்ல. டீச்சர் எழுந்து கோப்பைகளை அடுக்கினார். என் கோப்பையில் பாதி டீ இருந்தது.

"அண்ணே, மழை வர்ற மாதிரி இருக்கு. இப்பவே கிளம்புனா ட்ரெயினப் பிடிச்சிடலாம்," என்றார் டீச்சர்.

வானத்தில் ஒரு மேகமும் இல்லை. கிளம்பினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நாளைக்கு என்ன படம் என்று வாட்ஸாப்பில் கேட்டேன். படித்தாயிற்று என்று காட்டும் நீலக் கோடுகள் இரண்டும் வந்தன, பதில் வரவில்லை. அதற்கடுத்த வாரம் என் நிலைப்பாட்டை விளக்கி, பத்தி பிரித்து, எண் போட்டு ஒன்று அனுப்பினேன். அதற்கும் நீலக் கோடுகள்தான். பொதுமக்களிடமிருந்து கடிதம் வந்தால் முதலில் பெற்றுக்கொண்டோம் என்றாவது ஒரு வரி போட வேண்டும் என்று எங்கள் இலாகாவில் சுற்றறிக்கையே இருந்தது. அதை நண்பருக்கு நினைவூட்டலாமா என்று யோசித்து, நல்லவேளையாக விட்டுவிட்டேன். தீபாவளிக்கு அவர்கள் வீட்டு முறுக்கு டின் வரவில்லை. நானும் போகவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் பண்டிகையைச் சாக்காக வைத்துப் போகிற வயது எனக்கு இல்லை.

சனிக்கிழமைகளில் வீட்டில் தனியாகப் பழைய படம் பார்த்தேன். தீர்ப்புச் சொன்னால் மறுக்க ஆளில்லாத தலைவருக்குத் தூக்கம்தான் வருகிறது. ஆனால் ஒன்று நடந்தது. என் கண் கதாநாயகனை விட்டு நகர்ந்துவிட்டது. பெரிய மாளிகையில் காதலர்கள் மாடிப்படியில் இறங்கி வருவார்கள். நான் கீழே கதவைத் திறந்துவிடும் ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ரயிலில் அவர்கள் முத்தமிடுவார்கள். நான் பெட்டி தூக்கிக்கொண்டு பின்னால் நிற்கிற கறுப்பினத்தவரைப் பார்ப்பேன். கேமரா தங்களைவிட்டு விலகப் போகிறது என்று இந்த வேலைக்காரர்களுக்குத் தெரிகிறது, முகத்தை அதற்குத் தகுந்தாற்போல் தயாராக வைத்திருக்கிறார்கள். படம் கெட்டுப்போய்விடவில்லை. வெளிச்சம் அதே வெளிச்சம், வேகம் அதே வேகம். அந்தப் படங்கள் எடுக்கப்பட்ட விதத்தைப் பற்றி நான் சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை, பெறவும் மாட்டேன். ஆனால் பின்தேதி போடக் கூடாது என்கிற விதி ஒருவனைத் தண்டனையிலிருந்துதான் காப்பாற்றும், அவன் செய்ததற்கு நற்சான்றிதழ் எழுதித் தராது. இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவன் ஏன் தவறவிட்டேன் என்பதுதான் கேள்வி.

அந்தத் தோட்டப் படத்தை மறுபடியும் போட்டேன். அறை விழுகிற இடத்தில் நிறுத்தினேன். எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று அப்போது தெரிந்தது. அந்தக் காட்சியை நான் முன்பே பார்த்திருந்தேன், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். என் தந்தை நல்ல நடிகர். துரை இன்றைக்கு இன்னாரை அறைந்தார் என்று எழுந்து நின்று செய்து காட்டுவார். துரையாகவும் அவரே நடிப்பார், அடிபட்டவனாகவும் அவரே நடிப்பார். கடைசியில் சலாம் போடுவார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். நாங்கள் இன்னொரு தரம் செய்யச் சொல்லிக் கேட்போம்.

விசாரணை தொடங்குமுன் நான் அறிவித்திருக்க வேண்டியது இதைத்தான். கிராணி மகன் என்பது ஒரு பெரிய விஷயமில்லை, அது நண்பருக்குத் தெரிந்ததுதான். இது அவருக்குத் தெரியாது.

அதை எழுதி அனுப்பினேன். இந்த முறை எண் போடவில்லை. "எங்க வீட்டுல அது ஜோக். அந்த ஜோக்க வெச்சுக்கிட்டுதான் உங்க சோபாவுல உட்கார்ந்திருக்கேன். நான் அந்தத் தீர்ப்பச் சொல்லியிருக்கக் கூடாது. தீர்ப்பு செல்லாது," என்று முடித்தேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டுப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். அலுவலகக் கடிதத்தின் கடைசி வரி மாதிரி இருந்தது.

நீலக் கோடுகள் வந்தன. பதில் இல்லை. வருடம் மாறியது. பொங்கல் வந்துபோனது. நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி முடிவு அவர் மேசையில். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு நிம்மதியாகத் தூங்க முடியும், பெரும்பாலும் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் காலைப் பசியாறையின்போது தொலைபேசி அதிர்ந்தது. நண்பர் எழுதியிருந்தார்: "பாஸ், பத்துமலை ஏறிட்டு வந்து கால் ரெண்டும் ஸ்ட்ரைக். டீச்சர் உங்க மெசேஜ ரொம்ப தடவ படிச்சிட்டாங்க. நானும் படிச்சேன். எங்கப்பாவ நான் இப்பவும் நடிச்சிக் காட்ட மாட்டேன், உங்கப்பாவப் பத்தி கேக்கணும். சனிக்கிழமை வாங்க. கேஸ் திரும்ப ஓப்பன் ஆகுது. டீச்சர்தான் தலைவர், நீங்க சாட்சிக் கூண்டு. கரிபாப் நீங்க வாங்கிட்டு வரணும்."

நான் சரி என்று மட்டும் எழுதினேன். அன்று தைப்பூசத்துக்கு மறுநாள்.