பிரின்சுக்கு வீடு பார்த்தோம்

1. ஊசி போட மறுத்த டாக்டர்

எழுபதுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலையில் ஒரு கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டராக இருந்தேன். ஓ.பி.க்கு வருவதில் முக்கால்வாசி மாடு, மீதி ஆடும் கோழியும். நாய் என்று ஒன்று வந்தால் அது அதிகாரி வீட்டு நாயாகத்தான் இருக்கும். பின்னால் ஒரு ஜீப்பும் நிற்கும்.

அன்று காலையும் ஜீப் வந்தது. இறங்கியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிற ஓர் அதிகாரி. அவர் கையிலிருந்த சங்கிலியின் மறுமுனையில் ஒரு கிழட்டு அல்சேஷன். முகமெல்லாம் நரைத்து, பின்னங்கால்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன.

"பேரு பிரின்ஸ், டாக்டர். பத்து வயசு தாண்டிடுச்சு. போற ஊர்ல மாடி வீடுதான் கெடைச்சுது, நாய் கூடாதுன்னுட்டாங்க. தெருவுல விட்டுட்டுப் போறதுக்கு மனசு வரல. நீங்களே ஒரு ஊசி போட்டு முடிச்சுடுங்க."

எங்கள் டாக்டர் மாட்டுக்காரர்களிடம் பேசுவதை விட மாடுகளிடம் மரியாதையாகப் பேசுகிறவர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பல்லைப் பார்த்தார். காலை மடக்கிப் பார்த்தார்.

"சார், இதோட ஹார்ட் என் ஹார்ட்டை விட நல்லா இருக்குது. இதுக்கு ஊசின்னா முதல்ல எனக்குத்தான் போடணும்."

அதிகாரி சிரிக்கவில்லை. சாமான் ஏற்றிய லாரி நிற்கிறது என்றார். மாடுகளை நிறுத்தி மருந்து கொடுக்கும் ட்ரெவிஸ் என்ற இரும்புச் சட்டத்தில் சங்கிலியை மாட்டினார். நாயின் தலையில் ஒருமுறை கை வைத்தார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஜீப் போன பக்கம் பார்த்து உட்கார்ந்த பிரின்ஸ், ஓ.பி. முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மாடுகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின.

"கம்பவுண்டர், உங்க வீட்டுல இடம் இருக்குதில்ல?"

"ஒரு ரூமும் சமையல்கட்டும்தாங்க சார்."

"அதான், இருக்குதில்ல. வேற வீடு பாக்கற வரைக்கும்தான்."

டாக்டர் குவார்ட்டர்ஸில் மூன்று ரூம். அதை நான் சொல்லவில்லை. சர்வீஸில் இருந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

2. சரோஜாவின் இங்கிலீஷ்

என் மனைவி சரோஜா வாசலிலேயே நிறுத்தினாள்.

"டிஞ்சர் நாத்தத்தோட வர்றீங்க, பொறுத்துக்கிட்டேன். இப்ப பேஷண்டையே இட்டுக்கினு வர்றீங்களா?"

"ரெண்டு நாளுதான்."

"ரெண்டு நாளுன்னுதான் உங்க தம்பியும் வந்தாரு."

பிரின்ஸ் முதலில் எதையும் சாப்பிடவில்லை. கேழ்வரகுக் கூழில் மோர் விட்டு வைத்தாள். முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சோறும் கருவாடும் வைத்தாள். அதுவும் அப்படியே இருந்தது. அலுத்துப்போய்த் தட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உடனே பிரின்ஸ் சாப்பிட ஆரம்பித்தது. இவள் எழுந்தால் நிறுத்திவிடும். உட்கார்ந்தால் தொடரும்.

"ஆபீசர் வூட்டுல பேச்சுத் துணையோட சாப்ட்டிருக்கும்போல. நீங்க என்னிக்காவது எனக்கு அப்படி உக்காந்திருக்கீங்களா?" என்று என்னிடம் திரும்பினாள். நாய் வளர்ப்பதில் இப்படிப்பட்ட ஆபத்துகளும் உண்டு.

அதற்கு இங்கிலீஷ்தான் புரியும் என்று நான்தான் சொல்லிவைத்தேன். "கம்", "சிட்", "நோ" மூன்றையும் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். சமையல்கட்டிலிருந்து "கம்மு! கம்மு!" என்று தெருவே கேட்கக் கூப்பிடுவாள். பிரின்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது.

"என் இங்கிலீஷு சரியில்லன்னு கேக்கமாட்டேங்குது. என்னா திமிரு பாருங்க பெருசுக்கு!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெருசு என்றே பேர். தினமும் காலையில் நான் கிளம்பும்போது, "பெருசுக்கு வூடு பாத்தாச்சா?" என்று கேட்பாள்.

3. கீழ்பென்னாத்தூரில் ஒரு பரீட்சை

முதல் வீடு சீக்கிரமே கிடைத்தது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த ஒருவர் காளைக்கு மருந்து வாங்க வந்தார். யாராவது கேட்பார்களா என்று நான் அவ்வப்போது கூட்டிவரும் பிரின்ஸ் ட்ரெவிஸ் பக்கத்தில் படுத்திருந்தது. அதைப் பார்த்ததும், "போலீஸ் நாயிங்களா?" என்றார். டாக்டர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நல்ல ஜாதி" என்றார். அன்று மாலையே வேனில் ஏற்றி அனுப்பினோம். அடுத்த வாரம் அதே வேனில் திரும்பி வந்தது, கூடவே மண்டிக்காரரும் வந்தார்.

"காவலுக்குன்னு இட்டுனு போனேங்க டாக்டர். சரி, எப்டி இருக்குதுன்னு பாக்கலாம்னு என் மச்சானைச் சுவரேறிக் குதிக்கச் சொன்னேன். குதிச்சான். அது பக்கத்துலயே உக்காந்து ஒரு பீடி புடிச்சான். இது முழிச்சிப் பாத்து வாலாட்டுது! மச்சான் காலு மேல தலைய வெச்சு மறுபடி தூங்கிடுச்சுங்க."

"உங்க மச்சான் நல்லவருன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் டாக்டர்.

"அவன் நல்லவன்னு எங்க வூட்டுலயே யாருக்கும் தெரியாதுங்க."

பிரின்ஸ் என்னைப் பார்த்து எழுந்து வந்து முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் தட்டு கழுவி மூலையில் தயாராக இருந்தது.

4. வேட்டுச் சத்தம்

ஒரு சாமி ஊர்வலத்தன்று எங்கள் தெருமுனையில் அதிர்வேட்டு வைத்தார்கள். ஜன்னல் கதவு நடுங்கியது. தெரு நாய்கள் எல்லாம் கட்டைவண்டிகளுக்கு அடியிலும் அடுத்தவர் வீட்டுக்குள்ளும் பாய்ந்தன. பிரின்ஸ் மட்டும் வாசலில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா தைரியத்தை!" என்றாள் சரோஜா, ஏதோ அவளே பெற்றதைப் போல.

எனக்குச் சந்தேகம் வந்தது. அதன் பின்னால் போய்த் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தேன். காதுகூட அசையவில்லை. தரையைக் காலால் தட்டினேன். உடனே தலையைத் தூக்கியது.

மச்சானின் பீடியும் சரோஜாவின் இங்கிலீஷும் அப்போதுதான் விளங்கின. நானும் டாக்டரும் இதயம், பல், கால் எல்லாம் பார்த்தோம். காதை ஒருவரும் பார்க்கவில்லை.

சரோஜா போய்ப் பெருசின் தலையைத் தடவினாள். பிறகு, "அய்யோ, திமிருன்னு திட்டிட்டேனே" என்றாள். "நீ திட்டினதும் அதுக்குக் கேக்கலையே" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. மறுநாள் முதல் தரையைத் தட்டினால் சோறு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் படு, மார்பில் கை வைத்தால் வா என்று சைகையில் இறங்கினாள். பிரின்ஸ் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. அதற்குப் புரிய வைக்க முடியாமல் இருந்தது நாங்கள்தான்.

விளையாட்டாக இருந்த விஷயம் அதற்குப் பிறகு விளையாட்டாக இல்லை. ஒருநாள் கதவு திறந்திருந்த நேரம் பிரின்ஸ் போளூர் ரோட்டுக்கு நடந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது அதற்குக் கேட்கவில்லை. டிரைவர் பிரேக் போட்டதில் உள்ளே இருந்தவர்கள் முன்னால் வந்து விழுந்தார்கள். டிரைவர் என் பரம்பரையையே இறங்கி வந்து விசாரித்தார். அதில் நியாயம் இருந்தது. அன்று மாலை வீட்டு ஓனர் வந்து, "மாசக் கடைசிக்குள்ள நாய் போவணும், இல்ல நீங்க போவணும்" என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் மாட்டுக்கு ஊசி போட்டபடியே வருகிறவர்களையெல்லாம் நாய் வேணுமா என்று கேட்டார். வேங்கிக்காலில் இருந்து வந்த ஓர் அம்மாள் பிரின்ஸை ஆசையாகத் தடவிக்கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், "எங்க வூட்டுக்காரருக்கே காது கேக்காதுங்க சார். ரெண்டு பேர வெச்சிக்கினு நான் எங்க போறது?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மாசக் கடைசி நெருங்கியபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "வீடு கெடைக்கலன்னா, ரோட்டுல அடிபட்டுச் சாவறதுக்குப் பதிலா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். மருந்து அலமாரியை நான் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

5. மைக்செட் ஏழுமலை

ஏழுமலை மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் ஹாரன்தான். மனைவி தவறிவிட்டார், மகன் பெங்களூரில் வேலை. ஒரு பசு வைத்திருந்தார். அதற்கு மடி வீங்கியதால் ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் சாதாரணமாகப் பேசினாலே ட்ரெவிஸில் நிற்கும் மாடு மிரளும். அன்று ஓ.பி.யில் இருந்த எல்லா ஆடும் கோழியும் கலைந்தன. பிரின்ஸ் மட்டும் அவர் காலடியில் படுத்திருந்தது.

"இன்னா கம்பவுண்டரே, இது மட்டும் ஓடல? நானும் மூணு நாய் வளத்துப் பாத்துட்டேன். மைக் டெஸ்டிங்குன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், கயித்த அறுத்துக்கினு ஓடிடும்."

முன்பு ஒருமுறை 'நல்ல ஜாதி' என்று சொல்லி அனுப்பி என்ன நடந்தது என்று பார்த்தாகிவிட்டது. அதனால் முதலிலேயே சொன்னேன்.

"அதுக்குக் காது கேக்காதுங்க."

"இன்னாது?"

"காது கேக்காது!"

"எனக்கா? பாதிதான் கேக்காது."

"நாய்க்குங்க!"

ஏழுமலை பிரின்ஸைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், பசு இரண்டு அடி நகர்ந்து நின்றது. "இத்தினி வருசம் இது எங்க இருந்துச்சு?" என்றார்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். சரோஜா அப்படி நினைக்கவில்லை. தினமும் "வூடு பாத்தாச்சா?" என்று கேட்டவள், இப்போது ஏழுமலை வீட்டை நேரில் பார்த்தால்தான் அனுப்புவேன் என்றாள். போனோம். சந்துக்குள் வீடு, சுற்றிலும் சுவர், இரும்புக் கேட். கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டு இழுத்துப் பார்த்தாள்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும்மா."

"வெளியூரு கல்யாணத்துக்குப் போனா இதுக்கு யாரு சோறு போடுவாங்க?"

"வேன்ல முன் சீட்டு காலிதாம்மா. கூடவே வரட்டும்."

"சாப்புடும்போது பக்கத்துல உக்காரணும். இல்லன்னா சாப்புடாது."

ஏழுமலை கொஞ்சம் தயங்கினார். "நானும் தனியாத்தாம்மா சாப்புடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் மெதுவாக வந்தது. சரோஜா உடனே சைகைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். அவரும் திருப்பிச் செய்தார். பிரின்ஸோடு அதன் தட்டையும் படுக்கிற கோணிச் சாக்கையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்த நாள் சாயங்காலம் சரோஜா மறந்துபோய்த் தரையைக் காலால் தட்டினாள். நான் தண்ணீர் குடிப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6. போய்ப் பார்த்த அன்று

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் ஏதோ வேலை இருப்பதாக இருவரும் பொய் சொல்லிக்கொண்டு போனோம். ஏழுமலை ஒரு ஹாரனைப் பழுதுபார்த்து அலறவிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் காதைப் பொத்தினோம். அதன் வாய்க்கு நேராகப் பிரின்ஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

எங்கள் வாடை பட்டதும் எழுந்து ஓடிவந்தது. சரோஜாவின் புடவையையெல்லாம் எச்சிலாக்கியது. கிளம்பும்போது கேட் வரை கூடவே வந்தது. எனக்குப் பயம், பின்னாலேயே வந்துவிட்டால் என்ன செய்வது என்று. சரோஜாவுக்கும் அதே நினைப்பு. ஆனால் அவளுடையது பயம்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுக்கு வெளியே நின்று திரும்பிப் பார்த்தோம். பிரின்ஸ் எங்களைப் பார்த்தது, ஏழுமலையைப் பார்த்தது. பிறகு நிதானமாகத் திரும்பிப் போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். யாருக்காவது ஒரு ஜீவனைக் கொடுக்கும்போது அதன் குறையை முதலில் சொல்லிவிடுங்கள். ஒன்பது பேர் போய்விடுவார்கள். நீங்கள் தேடுகிறவர் பத்தாவதாக நிற்பார். அதுவரை வைத்திருப்பதுதான் உங்கள் வேலை. அது உங்களை விட்டுப் போகும்போது திரும்பிப் பார்க்காமல் போனால், வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

இதையேதான் அன்று வழியில் சரோஜாவுக்கும் விளக்கப் பார்த்தேன். அவள் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கேட்டத் தாண்டி ஒரு எட்டு கூட வரலியே, பாத்தீங்களா அந்தப் பெருசை" என்றாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி. கொஞ்ச தூரம் போனதும், "நல்லாதான் இருக்குதில்ல?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்குது" என்றேன்.