போனில் அழுத பிள்ளை

பிற்பகல் மூன்று பத்துக்கு அழைப்பு வந்தது. விசுவமடு வீட்டில் நான் தனியே இருந்தேன். கணவர் வயலுக்குப் போயிருந்தார். தடுமாறும் தமிழில் ஒருவர் தன்னைப் பொலிஸ் என்றார். என் மகளின் சிநேகிதியுடைய பையில் போதைப்பொருள் அகப்பட்டதாம், இருவரையும் பிடித்து வைத்திருக்கிறார்களாம். பின்னால் ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். வவுனியாவில் படிக்கும் மகளின் பெயரைச் சொல்லி, நீதானா என்று கேட்டேன். அந்தப் பெயரை அவர் அதுவரை சொல்லவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அழுகை கூடியது.

"அம்மா, போனை வைக்க வேணாம். யாருக்கும் சொல்லவும் வேணாம். சொன்னா பிள்ளைய கொழும்புக்கு அனுப்பிருவோம்."

இப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம் என்று வங்கியில் ஒட்டியிருந்ததை வாசித்தவள் நான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பிடிபட்டால் முதலில் வாயை மூடிக்கொள்வோம். சண்டைக் காலத்தில் என் தம்பியை விசாரணைக்கென்று கொண்டுபோன அன்றும், சத்தம் போட்டால் அவனுக்குத்தான் ஆபத்து என்று எல்லோரும் அம்மாவை அடக்கினார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஆகவே அந்த மனிதர் சொன்னது எனக்குப் புதிதாகவே இல்லை. எழுந்துபோய் முன்கதவைப் பூட்டினேன்.

பிணைக்கென்று கணக்கு விவரம் கேட்டார். கொடுத்தேன். குறுஞ்செய்தியில் வந்த இரகசிய இலக்கத்தையும் வாசித்தேன். பணம் போய்விட்டது என்று செய்தி வந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. போதாது, நகையை அடகு வையுங்கள் என்றார். அலுமாரியைத் திறந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வளவில் இருக்கும் மச்சாள், கணவரின் தங்கை, குசினி வாசலால் உள்ளே வந்தாள்.

"ஆரோட இவ்வளவு ரகசியம்? அண்ணையிட்டச் சொல்லட்டோ?"

போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். திறந்திருந்த அலுமாரியைக் கண்டு, போனில் பெண்பிள்ளை அழுவதும் கேட்டதும் அவள் சிரிப்பு நின்றது. முற்றத்துக்குப் போய், தன் போனில் என் மகளை அழைத்து, அதைக் கொண்டுவந்து என் மற்றக் காதில் வைத்தாள்.

"அம்மா, நான் லைப்ரரியில நிக்கிறன். என்ன நடந்தது?"

ஒரு காதில் என் பிள்ளை. மற்றதில் அந்தப் பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்துவித்ததும், பொலிசில் முறைப்பாடு செய்ததும் மச்சாள்தான். போன பணம் போனதுதான்.

அன்று கடைசி பஸ்ஸில் மகள் வந்தாள். வாசல் படலையிலேயே அவளுடைய முகத்தையும் கைகளையும் தடவிப் பார்த்தேன். தடுக்காமல் நின்றாள்.

"இனி ஆர் எடுத்தாலும் வச்சிட்டு எனக்கு எடுங்கோ அம்மா," என்றாள். "உண்மையாவே என்னைப் பிடிச்சாலும் பேசாமல் இருந்திடாதேங்கோ."