காப்புக் கட்டிய மாமா

எங்கள் மாமா கார் இல்லாமல் தோட்டத்துக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். மற்ற நேரங்களில் அவர் வருவதை ஹோர்ன் சத்தம் முந்திக்கொண்டு சொல்லிவிடும். பிள்ளைகள் எல்லாம் வண்டிக்குப் பின்னால் ஓடுவோம். வண்டி வரிசை வீடுகள் இருக்கிற லயத்தடிக்கு ஏறி வருவதற்குள் அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நிற்பார்.

அந்தத் தடவை மழையோடு மழையாகத் தேயிலைக்குள் இருக்கிற குறுக்குப் பாதையால் நடந்து வந்து, பின்பக்கக் கதவைத் தட்டினார். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். கதவைத் திறந்த அம்மா தம்பியை உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"யாரும் பாத்தாங்களாடா?" என்றுதான் கேட்டார்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. இதே லயத்தில் பிறந்து, மாரியம்மன் கோயில் பஜனையில் பாடி, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர். அங்கே ஓர் இசைக்குழுவில் சேர்ந்தார், டீவிப் போட்டியில் பாடினார், அதன் பிறகு பெரிய ஹோட்டல் கல்யாணங்கள், கனடா, லண்டன் என்று எங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டார். வத்தளையில் மாடி வீடு. தோட்டத்துச் சந்தியில் அவர் சிரிக்கிற பேனர் எப்போதும் தொங்கும். வெயிலில் முகம் வெளுத்தால் புதிதாக ஒன்று கட்டுவார்கள். யாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றாலும், எந்தப் பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வேண்டுமென்றாலும், எந்தக் கூரைக்குத் தகரம் போட வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் வந்து நிற்பார்கள். அம்மா போன் எடுப்பார். எத்தனையோ பாட்டுப் பாடத் தெரிந்த மாமாவுக்கு இல்லை என்று சொல்ல மட்டும் தெரியாது.

தவணை கட்டாததால் காரை லீசிங்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். சாமான் விலை ஏறினதும் கல்யாணக்காரர்கள் பாட்டுக்குழுவைத்தான் முதலில் நிறுத்தினார்களாம். ஆனாலும் வாத்தியக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், வீட்டுக் கடன் கட்ட வேண்டும், ஷோவுக்கு ஷோ புது கோட்டுப் போட வேண்டும். அடுப்படியில் குந்திக்கொண்டு இதையெல்லாம் மாமா மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ல வந்தேன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் என் ரேட்டு பாதியாயிரும்க்கா. கார்ல வந்து எறங்கினாத்தான் பாட்டுக்காரன்."

ஆகவே கார் கராஜில் இருக்கிறது என்று சொல்ல முடிவாயிற்று. எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். எந்தக் கராஜ் என்று யாராவது கேட்டால் என்ன செய்வது என்று யோசித்து, ஹட்டனில் என்றும், கியர் பெட்டி உடைந்துவிட்டது என்றும், சாமான் ஜப்பானில் இருந்து வர வேண்டும் என்றும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒருத்தரும் கேட்கவில்லை.

மாமா சாப்பிடவில்லை. தூங்கவும் இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புவார், எங்கேயோ தூரத்தில் இருந்து வந்து சேருகிற மாதிரி. பொழுது சாய்ந்ததும் பையில் இருந்து மாத்திரை உறையை எடுத்து ஒன்று போட்டுக்கொள்வார்.

அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "ஏசி ரூம்ல படுத்த ஒடம்பு மச்சான், லயத்துக் குளிருக்குத் தூங்குமா?" என்பார். பிறகு எங்களைப் பார்த்து, "காசுள்ளவனுக்குத்தான் இந்த வியாதியெல்லாம் வருது. நமக்குப் படுத்தா விடிஞ்சிருது" என்பார். மாமாவும் சிரிப்பார். பேனரில் இருக்கிற அதே சிரிப்பு.

ஒருநாள் அப்பா இல்லாத நேரத்தில் மாமா அம்மாவிடம் சொன்னார். "வியாழக்கெழம நான் கொழும்புல டாக்டரப் பாக்கணும்க்கா. மாத்திரையும் அன்னையோட முடியுது. இத மட்டும் எடையில விட்டுறக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

என்ன டாக்டர் என்று அம்மா கேட்டார். மாமா நெற்றியை விரலால் தொட்டுக் காட்டினார். அம்மா உடனே சுவரைத்தான் பார்த்தார். லயத்தில் இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால் தோட்டத்துக்குத் தெரியும், தோட்டத்துக்குத் தெரிந்தால் கொழும்புக்குப் போய்விடும். மண்டைக் கோளாறு உள்ளவனை எவன் கல்யாணத்துக்குப் பாடக் கூப்பிடுவான்? இதை இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

மாமா வந்ததை எப்படியோ யாரோ பார்த்துவிட்டார்கள். திருவிழா தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் தலைவர் நாலு பேரோடு வந்து இஸ்தோப்பில் நின்றார். இவ்வளவு பெரிய ஆள் முன்கூட்டியே வந்து அடக்கமாக வீட்டுக்குள் இருப்பது அம்மன் மேல் உள்ள பக்தியால்தான் என்று அவர்களாகவே முடிவு செய்திருந்தார்கள். தலைவர் கையில் மஞ்சள் கட்டிய கயிறு இருந்தது.

அதுதான் காப்பு. கொடியேறுகிற அன்றைக்கு விரதக்காரர்கள் கையில் கட்டுவார்கள். கட்டினவர்கள் திருவிழா முடிந்து கயிற்றை அவிழ்க்கும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டத்துக்கே ஆகாது என்பது எங்கள் ஆட்களுடைய பயம்.

"இந்த வருசம் நம்ம ஸ்டாரே வெரதமிருந்து பாடுறாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வயிறு எரிஞ்சே சாவான்" என்றார் தலைவர்.

முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். மாமா கையை நீட்டினார்.

அம்மாவின் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆத்தாவே வழி காட்டிவிட்டாள், இனிமேல் அவள் பார்த்துக்கொள்வாள் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் சந்தோஷம். மாமா எங்கள் கோயில் மேடையில் பாடப்போகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் நான் எழும்பியபோது மாமாவின் கம்பளி மடித்து வைத்திருந்தது. பையைக் காணவில்லை. அம்மா தலையைக்கூட அள்ளி முடியாமல் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

தோட்டத்து எல்லை ஒரு சின்னப் பாலம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள் அதனருகில் கூடிவிட்டார்கள். மாமா ஒரு காலைப் பாலத்தில் வைத்தபடி நின்றார். கையில் காப்பு அப்படியே இருந்தது. யாரும் அவரைப் பிடிக்கவில்லை, தொடவும் இல்லை. தலைவர் மட்டும் முன்னால் வந்து சிரித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன தம்பி, ஆத்தாவ விட ஷோ பெருசாப் போச்சா?"

கொழுந்துச் சாக்கோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அஞ்சு லச்சமாக இருக்கும் என்றது ஒரு குரல். டாலராக இருக்கும் என்றது இன்னொன்று. மாமா அவர்களைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"அக்கா, நீயே சொல்லு."

அம்மா அத்தனை பேரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்.

"ஷோதாங்க. இந்த ஒரு தடவ ஷோவ விட்டுறச் சொல்றேன்."

சொல்லிவிட்டு மாமாவின் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். மாமா பாலத்தில் வைத்த காலை எடுத்துவிட்டுத் திரும்பினார். கூட்டம் கை தட்டியது. அம்மா ஜெயித்துவிட்டார் என்று நானும் சேர்ந்து தட்டினேன்.

அதன் பிறகு மாத்திரை இல்லை. விரதத்தில் அதெல்லாம் எதற்கு என்று அம்மா திருநீறு பூசிவிட்டார். மாமா தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆனால் கடைசி நாள் மேடையில் ஏறியதும் அந்தக் குரல் எங்கேயிருந்து வந்ததோ தெரியாது. அம்மன் பாட்டின் நடுவில் தேம்பித் தேம்பி அழுதார். ஆத்தா இறங்கிவிட்டாள் என்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்பா கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காப்பு அவிழ்த்த மறுநாள் தலைவர் வேன் பிடித்து, மாலை போட்டு அனுப்பிவைத்தார். கொழும்பில் இருந்து மாமா போன் எடுத்தார். டாக்டர் வெளிநாடு போய்விட்டாராம், வர ஒரு மாதமாகுமாம். வேறு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அம்மா கெஞ்சினார். இன்னொரு ஆளுக்கும் தெரிய வேண்டுமா என்று மாமா கேட்டாராம். ஒரு மாதம்தானே என்று நான் அம்மாவைத் தேற்றினேன்.

அந்த மாதம் முடிவதற்குள் மாமா இல்லாமல் போனார். எப்படி என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் எழுதப்போவதில்லை. டீவியில் திடீர் மறைவு என்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா நெஞ்சு வலி என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். இப்போது ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடை ரேடியோவில் மாமாவின் பாட்டு வந்தால் சேலையை மடிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொள்வேன். அன்றைக்கே வீட்டுக்குப் போன் எடுத்து எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வேன். அம்மா இருக்கோம் என்பார், வேறு ஒன்றும் கேட்கமாட்டார்.

கருமாதியன்று தலைவர் எங்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதார். காப்போடு எல்லையில் ஒரு காலை வைத்துவிட்டான், ஆத்தா கோபித்துக்கொண்டாள், அந்த ஒரு கால்தான் அவனைக் கொண்டுபோனது என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அம்மாவும் தலையை ஆட்டினார். நானும் அதைப் பல வருஷம் அப்படியே நம்பினேன். மற்றக் காலையும் எடுத்து வைக்க விட்டிருக்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.